பானெட்டுக்குக் கீழே நான் பார்த்த வேலை

நான் படித்த பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவு ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுகிறது. ஓய்வு பெற்ற பழைய மாணவர்கள் அதில் தங்கள் வேலை அனுபவத்தை எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும். எனக்கு இன்னும் முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் என் தொழிலிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன், திரும்பிப் போகப் போவதில்லை. அதற்கு ஓய்வு என்பதைத் தவிர வேறு சொல் தெரியாததால் எழுத ஒப்புக்கொண்டேன்.

கேட்க வந்தவர்கள் அந்தப் பிரிவில் இப்போது படிக்கும் மூன்று பெண்கள். கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். வீட்டு வாசலில் ஒரு கார். பானெட்டைத் திறந்து, எஞ்சின் முழுக்க வெள்ளை நுரையை அடித்து, பிரஷர் பம்பால் கழுவி, மேலே ஏதோ எண்ணெயைத் தெளிக்கிறார்கள். கடைசியில் எல்லாம் புதுச் செருப்பு மாதிரி மின்னுகிறது.

“அக்கா, நீங்க இந்த வேலைதானே பார்த்தீங்க? இவ்ளோ ஈஸியா இருக்கு. அப்புறம் ஏன் விட்டீங்க?” என்றாள் ஒருத்தி.

டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்போது சொல்லாத பதில்தான் இது.

எங்கள் வீடு கொல்லங்கோட்டில். அப்பா வாளையாரில் லாரி ஏறுகிறவர். கிளீனர். டிரைவருக்குத் துணையாகப் போய், கண்ணாடி துடைத்து, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் எடுக்கும்போது பக்கவாட்டில் தட்டி “வா வா” சொல்லும் ஆள். ஒரு நாளும் அவர் டிரைவர் ஆகவில்லை. லைசென்ஸ் எடுக்க எழுத்து தெரிய வேண்டுமே என்று பயந்தே அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. டிப்ளமாவில் என் வகுப்பில் நான்தான் முதல். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோமொபைல் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா கையை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் கரி.

“கண்ணு, இதுல நான் கெடந்தது போதாதா? படிச்சுப் போட்டு நீயும் கரிக்கேவா வர்றே?”

“நீங்க படிக்காம வந்தீங்கப்பா. நான் படிச்சுட்டு வர்றேன்.”

அவர் சம்மதித்தது, டிப்ளமா படித்தவர்களுக்கு எப்படியும் ஒரு நாற்காலி கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதால்தான். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் பாலக்காட்டுக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். முதலில் பட்டறைக்குள் எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது. பிறகு வீட்டுக்கே போய் வேலை செய்யும் வேன் ஒன்றை விட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும் என்றபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேனை நானே ஓட்டினேன். சித்தூர், பெருமாட்டி, கொல்லங்கோடு, வாளையார் எல்லாம் என் பக்கம். அழைப்புகளில் பாதிக்கு மேல் எஞ்சின் அறையைச் சுத்தம் செய்வதற்குத்தான் வரும்.

அதை எப்படிச் செய்தேன் என்று எழுதாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். எஞ்சின் சுடச்சுட இருக்கும்போது தொடக்கூடாது. ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் பிடித்து, பிடித்த கையை எடுக்கத் தோன்றவில்லை என்றால்தான் ஆரம்பிக்கலாம். பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றி ஒதுக்க வேண்டும். பிறகு தண்ணீரைப் பற்றி நினைக்கவே கூடாது. எங்கள் பக்கத்து வண்டிகளில், அதுவும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடும் வாளையார் வண்டிகளில், உள்ளே படிந்திருப்பது வெறும் தூசி அல்ல. நனைந்தால் ரேடியேட்டரின் இடுக்குகளில் அப்படியே இறுகிவிடும். ஆகவே முதலில் காற்றடித்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கண்ணாடிக்குக் கீழே சேர்ந்திருக்கும் இலைச் சருகையெல்லாம் கையால் அள்ளி எடுக்க வேண்டும். அதற்கப்புறம் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய், கண்ணில் படும் ஒவ்வொரு வயர் இணைப்பு, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் பேண்ட் போட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் கரைசலைத் தடவி, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுப்பேன். துணியைத் திருப்பித் திருப்பி மடித்து, சுத்தமான பக்கம் தீர்ந்ததும் அடுத்த துணி. கடைசியில் காற்றால் உலர்த்தி, பைகளைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டுக் கேட்க வேண்டும். டீசல் தெளித்து மினுக்குவது என் கையால் நடக்காது. அன்றைக்கு மின்னும், மறுநாளிலிருந்து ஊர்த் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும், ரப்பர் குழாய்கள் ஊதிப்போகும்.

நான் முடித்த எஞ்சின் மின்னாது. சுத்தமாக, மங்கலாக, உலர்ந்து இருக்கும். வண்டிக்கு அதுதான் ஆரோக்கியம்.

வீடுகளில் சிரிப்புக்கும் குறைவில்லை. கொல்லங்கோட்டில் ஒரு டீச்சர் வீட்டில் பேட்டரியின் மேலேயே எலி தென்னை நாரில் கூடு கட்டியிருந்தது. அதைச் சுற்றிலும் பாச்சை உருண்டை.

“எலி ஓடிருச்சா டீச்சர்?”

“அது எங்க ஓடுச்சு? எங்க வீட்டுக்காரர்தான் நாத்தம் தாங்காம முன்சீட்டுல இருந்து பின்சீட்டுக்கு ஓடிட்டார். நான் டிரைவர் மாதிரி ஓட்டிட்டுப் போறேன், அவர் கலெக்டர் மாதிரி பின்னாடி உக்காந்துட்டு வர்றார்.”

அந்த நாட்களில் ஒரு பயம் மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் யாராவது வந்து, திறந்த பானெட்டுக்கு முன்னாலிருந்து என்னை நகர்த்திவிடுவார்கள் என்று. அந்த இடம் எனக்கு யாரும் கொடுத்ததல்ல, நான் படித்து எடுத்தது. போனால் மறுபடி கிடைக்காது என்றும் தெரியும். எங்கள் பட்டறையில் வேறு பெண் கிடையாது.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் சசிதரன் சார். வேலை தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பெயிண்ட்டில் கீறல் விழக்கூடாது என்று கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பேட்டரி பக்கம் குனிவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். வண்டி ஓடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டு, எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மலையாளம் கலந்த தமிழில் எதற்கும் ஒரே வார்த்தை: “சாரமில்ல.” பரவாயில்லை என்று அர்த்தம். கார் கதவு உரசினாலும் சாரமில்ல, பையன் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டாலும் சாரமில்ல. கோபத்தோடு வரும் வாடிக்கையாளர் அந்த வார்த்தையைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நானும் நெடுநாள் அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

பெருமாட்டியில் நாச்சிமுத்து என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். எங்கள் சென்டரின் பழைய வாடிக்கையாளர். அந்தப் பக்கத்தில் அவர் சொல்லி வந்த வண்டிகளே நிறைய. அவர் மகனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து வீடு பார்க்க வருவதற்கு முன்னால், காரின் எஞ்சினைச் சுத்தம் செய்து தரச் சொல்லி என்னை அழைத்தார். எங்கள் பக்கத்தில் வண்டியைக் காட்டுவது என்றால் பானெட்டைத் தூக்கிக் காட்டுவதும் சேர்த்திதான்.

ஒரு காலை முழுக்க அந்த வண்டியில் வேலை செய்தேன். முடிந்ததும் அவர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, கழுவலீங்களா?”

“முடிஞ்சுதுங்க ஐயா. தேய்க்குற எடத்த மட்டும் தேச்சு, தொடச்சு, காய வெச்சாச்சு.”

“மின்னவே காணமே.”

“மின்ன வேண்டாமுங்க. இதுக்கு மேல தண்ணி மட்டும் காட்டிராதீங்க. அதுவும் உங்க போர் தண்ணி ஆகவே ஆகாது.”

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்த வண்டி வாளையார் சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே சம்பந்தி வீட்டார். நல்ல வெயிலில் பட்டுப்புடவைகளோடு சாலையோரம் நின்று, ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். நாச்சிமுத்து சசிதரன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னது, “உங்க பொண்ணு வந்து கை வெச்ச பொறகுதான் இப்பிடி” என்று.

சாரும் நானும் வேனில் போனோம். வண்டியைக் கட்டியிழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பானெட்டைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் கவரின் மேல் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. இக்னிஷன் காயிலைக் கழற்றினேன். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வயர் இணைப்பைப் பிரித்தால், செம்புப் பின்னில் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. பெருமாட்டிப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். தோப்புக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்து, ஆசிட் விட்டுக் கழுவுகிறவர்கள்தானே அவர்கள்!

“ஐயா, நான் போனதுக்கப்புறம் தண்ணி அடிச்சீங்களா?”

“அடிச்சனுங்க. ஏன் அடிச்சேன்? நீங்க அடிக்காம போனீங்க, அடிச்சேன். சுத்தம் பண்றேன்னு வந்து துணில தொடச்சுட்டுப் போனா அது சுத்தமா? சம்பந்தகாரங்க முன்னால பானெட்டத் தூக்குனா மானம் போகாது?”

“மருந்தடிக்கிற பம்புலயா அடிச்சீங்க?”

“பின்ன, சொம்புல மோந்தா ஊத்துவாங்க? என்ற டிராக்டர அதுலதான் கழுவறேன். சேத்துல நிக்குது, மழைல நிக்குது. ஒரு நாளு நின்னுருக்குமா?”

வாசற்படியிலிருந்து அவர் மனைவி சொன்னார்: “நான் அப்பவே சொன்னேன். அந்தப் புள்ள தண்ணி காட்டாதீங்கன்னுச்சே, வேண்டாமுங்கன்னு.”

“நீ உள்ள போ. உனக்கென்ன தெரியும் எஞ்சினப் பத்தி?”

“எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளைக்குத் தெரியுமே.”

நான் அந்தப் பின்னைக் காட்டினேன். “உங்க சொட்டுநீர்க் குழாய அடைக்குற அதே உப்புதானுங்க இது.”

“குழாய் வேற, காரு வேறீங்க அம்மிணி.”

சசிதரன் சார் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். குனிந்து, வெள்ளைக் கறையை விரலால் சுரண்டிப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை ஒழுங்காக நான்காக மடித்து வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். நிமிர்ந்து நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்.

“சாரமில்ல. நம்ம பக்கம்தான் சரியா சொல்லித் தந்திருக்கணும். செல்வீ, ஐயாகிட்ட ஒரு சாரி பறஞ்சிடு.”

“நான் சொல்லிட்டுத்தான் சார் போனேன்.”

“ஓகே, ஓகே. ஒரு வார்த்த. தீர்ந்தது.”

“தப்பு நடந்திருந்தா கால்ல விழுந்துகூடக் கேப்பேன் சார். நடக்கல.”

தோப்பில் ஒரு மட்டை விழும் சத்தம் கேட்டது. பிறகு சாரே கையைக் கூப்பி, எல்லாருக்குமாகச் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். நாச்சிமுத்து பெரிய மனதோடு அதை ஏற்றுக்கொண்டார்.

நான் குழிகளிலிருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். காற்றடித்தேன். ஒவ்வொரு பின்னாகச் சுரண்டித் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டு ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. சார் தலையைச் சாய்த்துக் கேட்டு, “ஆ, செரியாயி” என்றார். அதை யார் சரி செய்தார்கள் என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது வேனை நான் ஓட்டினேன். நெடுந்தூரம் வந்த பிறகு சார் பேசினார்.

“நீ சொன்னது எல்லாம் செரிதான், செல்வி. பட்சே, கஸ்டமர் முன்னால நம்ம செரியா இருக்கக் கூடாது.”

அடுத்த திங்கட்கிழமை வேன் சாவி என் கைக்கு வரவில்லை. வேனுக்கு வேறு ஆள். எனக்கு முன்னறையில், கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், வண்டி எப்போது தயாராகும் என்று சொல்ல வேண்டும். நீலப் புடவை கொடுத்தார்கள்.

“சார், நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“தப்பா? இது புரமோஷன் அல்லே?” என்றார் சார். சிரிப்பு மாறவில்லை.

சாருடைய முடிவைவிட, அதற்கு வீட்டில் கிடைத்த வரவேற்புதான் என்னைத் தோற்கடித்தது. அப்பா வாளையாரில் லாரிக்காரர்கள் கூடும் டீக்கடையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். “என்ற புள்ள ஏசில உக்காந்துட்டா. இனிமே கரியே கெடையாது” என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சென்டருக்கே வந்து, உள்ளே வராமல், கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையை எடுத்து மோந்து பார்த்து, “சோப்பு வாசம் அடிக்குது” என்று கண் கலங்கினாள். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவர்கள் காத்துக்கொண்டிருந்தது இந்த நாற்காலிக்குத்தான். அதில் உட்கார்ந்துகொண்டு, இது தண்டனை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டறை தெரியும். புதிதாக வேனில் போனவர் பிரஷர் பம்பும் நுரையும் வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளர்கள் மகிழ்ந்துபோனார்கள். புகார்கள் நின்றுவிட்டன. அவர் கழுவிய வண்டிகள் சில வாரங்களுக்கப்புறம் ஸ்டார்ட் ஆகாமல், விளக்கு எரியாமல், கட்டியிழுக்கப்பட்டு வரும். அது புது ரிப்பேர், வேறு கணக்கு. வரவேற்று, தண்ணீர் கொடுத்து, “உக்காருங்க சார், பாத்துடுவாங்க” என்று சொல்வது என் வேலை. எழுந்து போய் அந்த இணைப்பைப் பிரித்துப் பார்க்க என் விரல்கள் துடிக்கும். வேனைத் திரும்பக் கொடுங்கள் என்று சாரிடம் பலமுறை கேட்டேன். சாரமில்ல, சாரமில்ல என்றே நாட்கள் போயின.

ஒரு நாள் நாச்சிமுத்து வந்தார். மகன் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. ஒரு சாக்கு இளநீரை வாசலில் இறக்கச் சொல்லிவிட்டு, என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கீங்களா அம்மிணி?”

“இருக்கேனுங்க.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னைக்குத் தப்பு என்ற பேர்லதானுங்க. அது எனக்கே தெரியும். ஊட்டு முன்னால, அத்தன பேரு நிக்கறப்ப, ஒத்துக்க வாய் வரல. வெயில்ல நீங்க குனிஞ்சு நின்னு அந்தத் தண்ணிய எடுத்தீங்க பாருங்க, என்ற மனசே கேக்கல. பொம்பளப் புள்ள, படிச்ச புள்ள. அன்னைக்கு சாயங்காலமே மேனேஜரக் கூப்பிட்டுச் சொன்னேன், அந்தப் புள்ளைய உள்ள உக்கார வைங்கன்னு. எம் பேச்ச அவரு தட்டமாட்டாரு.”

எனக்கு நல்லது செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது. அதில் பொய்யே இல்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். தண்ணீர் கொடுத்தேன்.

அன்று வீட்டில் அம்மாவிடம் ஆத்திரத்தோடு சொன்னேன்: “நான் அங்க உக்காந்திருக்குறது அந்தப் பெருமாட்டித் தோப்புக்காரரு சொல்லித்தான்.” அடுத்த அறையிலிருந்து அப்பா எழுந்து வந்தார்.

“அவரா சொன்னாரு? தோப்புக்காரரா? ஏன் கண்ணு முன்னமே சொல்லல? அவரப் பாத்து ஒரு கும்புடு போடாம இருந்தா நம்ம மனுசங்களா?”

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நகங்களைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். பெருமாட்டிக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் அவர், என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாச்சிமுத்து எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். அப்பா உட்காரத் தயங்கினார். “உக்காருங்க, அட உக்காருங்க” என்று அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நாற்காலியின் நுனியில், எந்நேரமும் எழுந்துவிடலாம் என்பதுபோல அப்பா உட்கார்ந்தார். ஓரமாக அந்தக் கார் நின்றது. அப்போதுதான் கழுவியிருக்க வேண்டும். அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எங்க வம்சத்துலயே நாற்காலில உக்காந்து வேல பாக்குற மொத ஆளுங்க இவ” என்றார் அப்பா. “எல்லாம் உங்க புண்ணியமுங்க.”

“அட, நான் என்னங்க பண்ணுனேன்? புள்ள கெட்டிக்காரி.”

அப்பா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கண்ணு, ஐயாவுக்கு ஒரு கும்புடு போடு.”

சாரின் பேச்சை மீறி நான் மன்னிப்புக் கேட்க மறுத்தது இந்த வாசலில்தான். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகளைக் குவித்து, “ரொம்ப நன்றிங்க ஐயா” என்றேன். நான் டிப்ளமா வாங்கிய அன்றுகூட அப்பாவின் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் வேலையை விட்டேன். ஏன் என்று அப்பா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.